கூரைக்குக் காத்திருக்கும் களங்கள்

இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் திருவனந்தபுரத்தின் பழவங்காடியில் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை, தெருவைப் பார்க்கிறார்கள். கணபதி கோவில் வாசலிலிருந்து தம்பானூர் வரை எங்கே தண்ணீர் தேங்கும், எந்த ஓரமாக நடந்தால் கால் நனையாது என்பது சாலைக் கம்போளம் என்னும் சந்தையில் மூட்டை இறக்குகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். 2015-ல் மாவட்ட நிர்வாகம் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் ஆக்கிரமிப்புகளை அகற்றி, மூடிக்கிடந்த வாய்க்கால்களைத் திறந்ததே இந்தப் பகுதியின் வெள்ளத்தை வடிக்கத்தான். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,800 மில்லிமீட்டர் மழை பெறும் நகரம் இது. ஜூன் தொடக்கத்தில் வரும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து மூச்சுவிடுவதற்குள் துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். இந்த ஊரில் ஆண்களும் பெண்களும் ஒரே வாரத்தில், ஒரே வளாகத்தில், கூரையின் கீழ் ஹார்ட் கோர்ட்டில் ஆடும் தொழில்முறை டென்னிஸ் போட்டியைப் பற்றிப் பேசுவது சிலருக்கு ஆடம்பரமாகத் தோன்றலாம். மழை இவ்வளவு பெய்கிற ஊரில்தான் அதைப் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

திருவனந்தபுரத்துக்கு டென்னிஸ் புதிதல்ல. கவடியாரில் இருக்கும் திருவனந்தபுரம் டென்னிஸ் கிளப் 1938-ல் தோன்றியது. அதன் பின்னணியில் இருந்தவர் கேரள விளையாட்டின் தந்தை என்று மலையாளிகள் இன்றும் சொல்லும் கர்னல் கோதவர்ம ராஜா. அவர் பிறந்த அக்டோபர் 13-ஐயே கேரளம் விளையாட்டு நாளாகக் கொண்டாடுகிறது. 2015-ல் 35-ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகள் கேரளத்துக்கு வந்தபோது குமாரபுரத்தில் டென்னிஸ் வளாகம் எழுந்தது. இன்னும் பின்னால் போனால், ராமநாதன் கிருஷ்ணன் 1937-ல் பிறந்தது நாகர்கோவிலில். அன்று அது திருவிதாங்கூர் மண். விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை 1954-ல் வென்று, 1960-லும் 1961-லும் அதே விம்பிள்டனில் அரையிறுதி வரை போன மனிதர் பிறந்த ஊர் இங்கிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கிறது. ஆட்டமும் ஆர்வமும் களங்களும் இங்கே உண்டு. ஆண்டின் பாதி மாதங்களில் அந்தக் களங்கள் நனைந்து கிடக்கின்றன.

ஹார்ட் கோர்ட் என்பது கான்கிரீட் அல்லது தார்த் தளத்தின் மேல் மணல் கலந்த அக்ரிலிக் பூச்சை அடுக்கடுக்காகப் பூசிச் செய்வது. புல்லும் களிமண்ணும் கேட்கிற அன்றாடப் பராமரிப்பை இது கேட்பதில்லை. அதனால்தான் இந்தியாவின் பெரும்பாலான பொதுக் களங்கள் இந்த வகைக்கு மாறின. ஆனால் லேசான தூறல் போதும், ஆட்டம் நின்றுவிடும். வெள்ளைக் கோடுகள் வழுக்கத் தொடங்கும். பந்தின் மேலுள்ள கம்பளி இழை ஈரத்தைக் குடித்துக் கனத்துப்போகும். மழை நின்ற பிறகும் வைப்பரும் துணியுமாகத் தள்ளித் துடைத்து, வெயில் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். கேரளத்தில் அந்த வெயில் வருவதற்குள் அடுத்த மழை வந்துவிடுவது வழக்கம்.

கூரைக்குக் கீழே போனால் ஆட்டமே வேறாகிறது. காற்றில்லை, கண்ணைக் குத்தும் சூரியனில்லை. சர்வ் போடத் தூக்கியெறிந்த பந்து நினைத்த இடத்திலேயே நிற்கும். அதனால் சர்வ் வலுவானவருக்கும், பந்து எழும்போதே அடித்துவிடுகிறவருக்கும் உள்ளரங்கம் சாதகம். பேஸ்லைனுக்குப் பல அடி பின்னால் நின்று பந்தைத் திருப்பித் திருப்பி அனுப்பி எதிராளியைக் களைக்க வைக்கிறவர் இங்கே திணறுவார். தளத்தின் வேகத்தை அளந்து ஐந்து வகையாகப் பிரிக்கும் முறை சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பிடம் இருக்கிறது. அக்ரிலிக்கில் கலக்கும் மணலின் அளவைக் கூட்டிக் குறைத்தே ஒரு களத்தை மெதுவாகவோ வேகமாகவோ ஆக்கிவிடலாம். ஒருகாலத்தில் உள்ளரங்கம் என்றாலே கார்ப்பெட் விரிப்புதான். 2009 முதல் ஆண்களின் உயர்மட்டச் சுற்றில் கார்ப்பெட் இல்லை. இன்று உள்ளரங்கப் போட்டிகள் பெரும்பாலும் ஹார்ட் கோர்ட்டில்தான் நடக்கின்றன.

இந்தியாவில் இது நடந்திருக்கிறதா? நடந்திருக்கிறது, அதுவும் மழைக்காலத்தில். 2005 முதல் 2007 வரை மூன்று ஆண்டுகள், செப்டம்பரில், கொல்கத்தாவின் நேதாஜி உள்ளரங்கத்தில் சன்ஃபீஸ்ட் ஓப்பன் நடந்தது. பெண்களின் டபிள்யூடிஏ சுற்றைச் சேர்ந்த போட்டி. முதல் ஆண்டு அனஸ்தாசியா மிஸ்கினாவும், அடுத்த ஆண்டு மார்ட்டினா ஹிங்கிஸும், மூன்றாம் ஆண்டு மரியா கிரிலென்கோவும் வென்றார்கள். 2006 அரையிறுதியில் ஹிங்கிஸிடம் சானியா மிர்சா 6-1, 6-0 என்று தோற்றார். வங்காளத்தில் செப்டம்பர் என்றால் வானம் எந்த நேரமும் கொட்டும். அப்படிப்பட்ட மாதத்தில் உலகத் தரப் போட்டி நடத்த முடிந்ததற்குக் கூரையே காரணம். அந்த மூன்று ஆண்டுகளை நம் டென்னிஸ் வரலாறு இன்னும் சரியாக வாசிக்கவில்லை என்று எனக்குப் படுகிறது. உள்ளரங்கம் கிடைத்தால் இந்தியாவின் விளையாட்டு நாட்காட்டியில் காலியாகக் கிடக்கும் மாதங்களை நிரப்பலாம் என்பதற்கு அதுவே முதல் நல்ல சான்று.

அந்தப் போட்டிக்கு இரண்டு குறைகள் இருந்தன. ஆண்கள் பிரிவு கிடையாது என்பது ஒன்று. இன்னொன்று எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நேதாஜி அரங்கம் அரசியல் மாநாடு முதல் இசை நிகழ்ச்சி வரை எல்லாவற்றுக்குமான பொது அரங்கம். டென்னிஸ் அங்கே விருந்தாளியாக வந்துபோனது. இறுதிப் போட்டி முடிந்த மறுநாள் அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் வந்து பயிற்சி எடுக்க அங்கே களம் இல்லை.

ஆண்களையும் பெண்களையும் ஒரே கூரையின் கீழ் ஆட வைத்த பெரிய நிகழ்வு தில்லியில் நடந்தது. மகேஷ் பூபதி தொடங்கிய சர்வதேச பிரீமியர் டென்னிஸ் லீக் 2014 டிசம்பரில் இந்திரா காந்தி உள்ளரங்கத்துக்கு வந்தது. ரோஜர் ஃபெடரர், நோவாக் ஜோகோவிச், பீட் சாம்ப்ராஸ், ஆனா இவானோவிச், சானியா, ரோகன் போபண்ணா என்று ஒரே வாரத்தில் அத்தனை பேர். ஒரு செட் ஆண், ஒரு செட் பெண், ஒரு செட் கலப்பு இரட்டையர் என மாறி மாறி நடந்தது. பெண் எடுக்கும் கேமும் ஆண் எடுக்கும் கேமும் ஒரே எடையோடு அணியின் கணக்கில் ஏறின. அந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த லீக்கை நான் மதிக்கிறேன். ஆனால் அது கண்காட்சி ஆட்டம். தரவரிசைப் புள்ளி கிடையாது. திருநெல்வேலியிலோ கோழிக்கோட்டிலோ ஆடிக்கொண்டிருக்கும் இருபது வயதுக்காரருக்கு அதில் நுழைய வாசல் கிடையாது. சில ஆண்டுகளில் லீக்கும் நின்றுபோனது.

உலக அளவில் பார்த்தாலும் ஆண், பெண் இருவருக்குமான உள்ளரங்க ஹார்ட் கோர்ட் போட்டி அரிய வகை. மாஸ்கோவின் கிரெம்ளின் கோப்பை 1990-ல் ஆண்களுக்காகத் தொடங்கி 1996-ல் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. 2021-க்குப் பிறகு அது சுற்றில் இல்லை. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 2002 முதல் 2013 வரை இரு பிரிவும் ஒரே வாரத்தில் நடந்தன. ஐரோப்பாவில் வியன்னா, பாசல், ஸ்டாக்ஹோம், ராட்டர்டாம் எல்லாம் ஆண்களுக்கு மட்டுமானவை. ஆஸ்திரியாவின் லின்ஸில் ஹார்ட் கோர்ட்டில் நடந்துவந்த போட்டி பெண்களுக்கு மட்டுமானது. இதில் மெம்பிஸை உற்றுப் பார்க்க வேண்டும். அது நடந்தது ஒரு ராக்கெட் கிளப்பில். வாரம் முழுக்கத் தொழில்முறை வீரர்கள் ஆடிய கூரைக்களங்களில் மற்ற நாட்களில் உறுப்பினர்கள் ஆடினார்கள், பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். போட்டி அங்கே ஏற்கெனவே இருந்த டென்னிஸ் வாழ்க்கையின் உச்ச வாரம். கொல்கத்தாவுக்கும் தில்லிக்கும் கிடைக்காதது இதுதான்.

இந்திய வீரர்களின் உள்ளரங்கக் கணக்கு என்ன? 1987-ல் டேவிஸ் கோப்பை இறுதிக்கு இந்தியா போனது. சிட்னியில் புல்தரையில் ஆஸ்திரேலியாவை வீழ்த்திவிட்டு வந்த ரமேஷ் கிருஷ்ணனையும் அமிர்தராஜ் சகோதரர்களையும் சுவீடன் கோத்தன்பர்க் உள்ளரங்கத்தில் போட்ட களிமண் தளத்துக்கு அழைத்தது. 5-0 என்று முடிந்தது. தளம் பாதி, கூரை பாதி என்று நான் கணக்கு வைப்பேன். 2024 செப்டம்பரில் மறுபடி அதே சுவீடன், இம்முறை ஸ்டாக்ஹோமில் உள்ளரங்க ஹார்ட் கோர்ட். 4-0 தோல்வி. இரட்டையர் ஆட்டத்தில் மட்டும் நிலைமை வேறு. சிங்கப்பூர் உள்ளரங்கத்தில் ஆண்டிறுதி டபிள்யூடிஏ பட்டத்தை சானியா 2014-ல் காரா பிளாக்கோடும் 2015-ல் ஹிங்கிஸோடும் வென்றார். போபண்ணா பாரிஸ் மாஸ்டர்ஸ் உள்ளரங்கப் போட்டியை 2011-லும் 2012-லும் வென்றார். 2019 நவம்பரில் கஜகஸ்தானின் குளிரில், உள்ளரங்கத்தில், பாகிஸ்தானை எதிர்த்து லியாண்டர் பயஸ் தன் 44-ஆவது டேவிஸ் கோப்பை இரட்டையர் வெற்றியைப் பெற்றபோது பக்கத்தில் நின்றவர் தமிழ்நாட்டின் ஜீவன் நெடுஞ்செழியன். விரைவான கை, வலையருகே துணிவு. இவை இருந்தால் கூரை நமக்கு எதிரியல்ல என்பதை இந்த வெற்றிகள் சொல்கின்றன.

பிறகு 2025 செப்டம்பர். சுவிட்சர்லாந்தின் பீல் நகரில், உள்ளரங்க ஹார்ட் கோர்ட்டில், தன் முதல் டேவிஸ் கோப்பை ஆட்டத்துக்கு இறங்கினார் மதுரையின் தக்ஷிணேஸ்வர் சுரேஷ். தரவரிசையில் தன்னைவிட வெகுவாக முன்னால் இருந்த ஜெரோம் கிம்மை 7-6, 6-3 என்று வீழ்த்தினார். சுமித் நாகல் இரண்டு ஒற்றையரையும் வெல்ல, இந்தியா 3-1 என்று ஜெயித்தது. 1993-ல் ஃப்ரேஜுஸ் நகரில் பிரான்ஸை வென்றதற்குப் பிறகு, ஐரோப்பிய நாடொன்றை அதன் சொந்த மண்ணில் இந்தியா வென்றது அதுவே முதல் முறை. முப்பத்திரண்டு ஆண்டு இடைவெளி. ஆறடிக்கு மேல் வளர்ந்த தக்ஷிணேஸ்வரின் சர்வ் அந்தக் கூரையின் கீழ் இடியாக இறங்கியது. அவர் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக அணியில் ஆடியவர். குளிர்காலத்தில் உள்ளே போய் ஆடுவது அங்கே கல்லூரி டென்னிஸின் அன்றாட வழக்கம். மதுரைப் பிள்ளை உள்ளரங்க ஆட்டத்தைப் பழகக் கடல் கடந்து போக வேண்டியிருந்தது. அப்படிப் போகும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்ற கேள்வியைத் தாண்டி என்னால் அந்த வெற்றியைக் கொண்டாட முடியவில்லை.

பெண்களின் நிலை இன்னும் கடினம். 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்றை வென்று, நவீன காலத்தில் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் ஓர் ஆட்டம் ஜெயித்த முதல் இந்தியப் பெண் என்ற பெயரைப் பெற்றவர் கோயம்புத்தூரின் நிருபமா வைத்தியநாதன். அதே கோயம்புத்தூரின் மாயா ராஜேஷ்வரன் 2025 பிப்ரவரியில், பதினைந்து வயதில், மும்பை டபிள்யூடிஏ 125 போட்டியின் அரையிறுதி வரை போனார். அவர் தன் பயிற்சியைத் தொடர்வது ஸ்பெயினில், நடால் அகாடமியில். இந்த இரண்டு பெயர்களுக்கும் இடையில் ஆட்டத்தை விட்டுவிட்ட பெண்கள் எத்தனையோ பேர். பதினாறு, பதினேழு வயதில் வெளியூர்ப் போட்டிகளுக்குத் தனியே அனுப்ப வீட்டில் தயங்குவார்கள். கூடப் போக அப்பாவுக்கு விடுப்பு கிடைக்காது. விடுதியும் பயணமும் பயிற்சியாளர் சம்பளமும் சேர்ந்து குடும்பத்தை முறித்துவிடும். அண்ணனும் தங்கையும் ஒரே வாரத்தில் ஒரே ஊரில் ஆட முடிந்தால் அந்தச் செலவு பாதியாகும். பயிற்சியாளரை இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். நடத்துகிறவர்களுக்கும் லாபமுண்டு: நடுவர்கள், பிசியோ, ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுகிறவர், பந்து எடுத்துப்போடும் பிள்ளைகள் எல்லாரையும் இரு பிரிவுக்கும் ஒரே முறை அமர்த்தினால் போதும். ஆண்–பெண் கூட்டுப் போட்டியை நான் சமத்துவத்துக்காக மட்டும் வற்புறுத்தவில்லை. வரவு செலவும் அதையே சொல்கிறது.

எந்த மட்டத்தில் தொடங்குவது என்பதில் ஆசை நம்மை ஏமாற்றக் கூடாது. ஆண்களின் ஏடிபி, பெண்களின் டபிள்யூடிஏ சுற்றுகளின் உரிமம் பெருந்தொகை கேட்கும், ஸ்பான்சர் போனால் போட்டியும் போய்விடும். சென்னையே அதற்குச் சாட்சி. 1997 முதல் நுங்கம்பாக்கத்தில் நடந்த ஏடிபி போட்டி, 2008-ல் நடாலும் மோயாவும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் மோதிய அரையிறுதியைத் தந்த போட்டி, 2017-க்குப் பிறகு புனேவுக்குப் போனது. பெண்களுக்கான சென்னை ஓப்பன் 2022-ல் வந்தது, இடையில் விட்டு 2025 அக்டோபர் கடைசியில் மறுபடி வந்தது. மோந்தா புயலின் மழை அதன் தொடக்க நாட்களின் அட்டவணையைக் குலைத்தது. பிறகு வானம் வழிவிட்டு, இந்தோனேசியாவின் ஜானிஸ் ஜென் பட்டம் வென்றார். வடகிழக்குப் பருவமழையின் நடுவே, திறந்த வெளியில், சென்னையில் போட்டி வைத்தால் இது நடக்கும் என்று ஊரறியும். உலக நாட்காட்டியில் கிடைத்த வாரம் அதுதான். நல்ல வாரங்கள் ஏற்கெனவே பிறர் கையில். மழை வாரங்கள்தான் புதியவர்களுக்கு மிஞ்சுகின்றன. கூரை உள்ள ஊர் அந்த வாரத்தை அஞ்சாமல் வாங்கலாம்.

ஆகவே தொடங்க வேண்டிய இடம் ஏணியின் கீழ்ப்படி: சர்வதேசக் கூட்டமைப்பு ஆண்களுக்கு நடத்தும் எம்15, பெண்களுக்கு நடத்தும் டபிள்யூ15 போட்டிகள். பரிசுத்தொகை ஒவ்வொன்றுக்கும் 15,000 டாலர். வெல்பவருக்கு 15 தரவரிசைப் புள்ளிகள். முதல் சுற்றில் தோற்பவருக்குக் கிடைப்பது 200 டாலர்கூட இல்லை. இந்தப் பணத்துக்காக யாரும் ஆடுவதில்லை, புள்ளிக்காக ஆடுகிறார்கள். இந்தியாவில் இத்தகைய போட்டிகள் பெரும்பாலும் மழையில்லாத மாதங்களில் குவிகின்றன. ஜூன் வந்ததும் வசதியுள்ளவர்கள் துருக்கிக்கோ தாய்லாந்துக்கோ துனிசியாவுக்கோ போகிறார்கள். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், தரவரிசை அவர்களுக்காகக் காத்திருப்பதில்லை. 32 பேர் கொண்ட ஒற்றையர் பிரிவு இரண்டுக்கும் 62 ஆட்டங்கள், 16 ஜோடி கொண்ட இரட்டையர் இரண்டுக்கும் 30. ஏழு நாளில் 92 ஆட்டங்கள் என்றால் நாளொன்றுக்கு 13. தகுதிச் சுற்று இதற்கு மேல். நான்கு கூரைக்களம் இருந்தால் காலை முதல் இரவு வரை இதை முடித்துவிடலாம்.

வெள்ளயம்பலத்தில் இருக்கும் ஜிம்மி ஜார்ஜ் உள்ளரங்கம் போதாதா என்று சிலர் கேட்பார்கள். மறைந்த மாபெரும் கைப்பந்து வீரரின் பெயரைத் தாங்கிய அந்த அரங்கம் நகரத்தின் பெருமை. ஆனால் டென்னிஸ் இடத்தை விழுங்கும் ஆட்டம். களத்தின் அளவு 23.77 மீட்டருக்கு 10.97 மீட்டர். சர்வதேசப் போட்டிக்குப் பின்னாலும் பக்கத்திலும் ஓட விட வேண்டிய இடத்தைச் சேர்த்தால் 36.57-க்கு 18.29. அந்த ஒரு களம் எடுக்கும் இடத்தில், கோடுகளை மட்டும் கணக்கிட்டால், நான்கு கைப்பந்துக் களங்களைப் போடலாம். வலைக்கு நேர் மேலே கூரை குறைந்தது 9.14 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லாப் என்று உயரத் தூக்கியடித்த பந்து விட்டத்தில் மோதும். கைப்பந்துக்கும் பூப்பந்துக்கும் கட்டிய அரங்கில் ஒரு களம் போடலாம், இறுதிப் போட்டி நடத்தலாம். 92 ஆட்டம் நடத்த முடியாது. கொல்கத்தாவின் பாடத்தை இங்கே திரும்பப் படிக்க வேண்டாம்.

எனவே கூரை களத்தைத் தேடி வர வேண்டும். குமாரபுரத்தில் இருப்பது போன்ற ஒரு பொது வளாகத்தில், இருக்கிற களங்களின் மேல், நடுவே தூண் இல்லாத எஃகுச் சட்டங்களில் உயரமான கூரை. நான்கு பக்கமும் சுவர் எழுப்பிக் குளிர்சாதனம் போடும் ஐரோப்பிய மாதிரி இங்கே தேவையில்லை. மின்கட்டணம் ஒருபுறம் இருக்க, அடைத்த அறையில் நம் ஊர் ஈரப்பதம் அக்ரிலிக்கின் மேல் பனித்துளியாகப் படிந்து, மழையில்லாமலேயே வழுக்க வைக்கலாம். பக்கங்கள் காற்றோட்டமாகத் திறந்திருக்க வேண்டும். சாரல் அடிக்கும் திசையில் மட்டும் இறக்கி ஏற்றும் திரை போதும். கூரைக்குத் தகரம் மட்டும் போட்டால் இரண்டு தொல்லை: மார்ச், ஏப்ரலில் அடுப்பாகக் கொதிக்கும், ஜூனில் காது செவிடாகும். ஒலி சின்ன விஷயம் அல்ல. எதிராளி அடிக்கும் சத்தத்திலிருந்தே பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் வீரர்கள் கணிக்கிறார்கள். 2016 அமெரிக்க ஓப்பனில், கூரை மூடிய ஆர்தர் ஆஷ் அரங்கில் மழைச் சத்தத்தால் பந்தின் ஒலியே கேட்கவில்லை என்று ஆண்டி மரே சொன்னார். அவ்வளவு செலவழித்த இடத்திலேயே அப்படியென்றால், இடவப்பாதி தகரத்தில் இறங்கும்போது என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். வெப்பத்தையும் ஓசையையும் தடுக்கும் நடு அடுக்கு கொண்ட தகடு, அல்லது இழுத்துக் கட்டிய கனமான துணிக்கூரை. இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

கேரளமெங்கும், தென் தமிழகத்திலும் கடந்த சில ஆண்டுகளில் கால்பந்து டர்ஃப்கள் பெருகிவிட்டன. வலையும் விளக்கும் கூரையுமாகப் பல இடங்களில் நள்ளிரவு வரை ஆடுகிறார்கள், மணிக்கணக்கில் வாடகை தருகிறார்கள். தனியார் முதலீட்டில், அரசு உதவி இல்லாமல். மழை நாளிலும் காசு கொடுத்து ஆட ஆளிருக்கிறது என்பது இதிலிருந்தே தெரிகிறது. டென்னிஸ் கூரைக்களமும் ஆண்டின் ஐம்பது வாரம் அப்படி வாடகைக்கும் பயிற்சிக்கும் ஓடினால், மீதி இரண்டு வாரப் போட்டியின் சுமையைத் தாங்கும். பொதுப் பணத்தில் எழும் கூரையென்றால் மாலை நேரத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஒரு களம் ஒதுக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடக்காது.

வைல்ட் கார்டு விஷயத்திலும் ஒரு தெளிவு வேண்டும். தரவரிசை பாராமல் கொடுக்கக்கூடிய சில இடங்கள் போட்டி நடத்தும் ஊருக்கு உரிமையாகக் கிடைக்கும். அவற்றை எல்லைக்கோடு பார்த்துக் கொடுக்காமல், கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி, மதுரைப் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு தகுதிப் போட்டி வைத்து, வென்றவர்களுக்குக் கொடுக்கலாம். அவர்களுக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் பக்கம். காலை ரயிலில் வந்து ஆடிவிட்டு இரவு வீடு திரும்பும் தொலைவில்தான் நாகர்கோவில் இருக்கிறது. விடுதிச் செலவு இல்லாமல் ஒரு பெண் சர்வதேசப் போட்டியின் தகுதிச் சுற்றில் ஆட முடியும் என்றால், அவளுடைய வீட்டில் நடக்கும் பேச்சே மாறும்.

வாரத்தைப் பொறுத்தவரை ஜூலை நல்லது. விடுதிகளில் சுற்றுலாக் கூட்டம் குறைந்து அறை வாடகை இறங்கியிருக்கும் மாதம், ஓணத்துக்கு முன்பே வரும் மாதம். அடுத்தடுத்து இரண்டு வாரம் வைத்தால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் ஒரே விமானச் செலவில் இரண்டு போட்டி கிடைக்கும். கூரைக்கான வரைபடத்தை மட்டும் பிப்ரவரி வெயிலில் உட்கார்ந்து போடக் கூடாது. பொறியாளர்கள் ஜூன் இரண்டாம் வாரத்தில் களத்தில் நின்று, கடலிலிருந்து வரும் மழை எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் உள்ளே அடிக்கிறது, வடியும் தண்ணீர் எந்த வாய்க்காலுக்குப் போகிறது என்று அளந்துகொண்டு வர வேண்டும்.